மண்டபத்தை மூடிய வருஷம்

மார்ச் 6, 1984 – செவ்வாய்

காலையில் நான் ஓட்டும் பள்ளி பஸ் புதைந்தது. பனி உருக ஆரம்பித்தால் ஒஹாயோவின் இந்த மூலையே சேற்றுக் கிண்ணம்தான். பள்ளிக்கூடத்துக்குப் பதினைந்து நிமிஷம் தாமதம். தலைமையாசிரியர் கடிகாரத்தைக் காட்டினார். நான் சக்கரத்தைக் காட்டினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. நார்பர்ட். ஊராட்சி உறுப்பினர்கள் நாங்கள் மூன்று பேரில் காரணமில்லாமல் கூப்பிடாத ஒரே ஆள்.

"டெல்ஃபா, கல்லறை மண்டபத்துக் கூரையில ஒரு பாளம் விழுந்திருச்சு. நடுக்கூடத்துல. பெஞ்சு ரெண்டாப் போச்சு."

"யாருக்காவது—"

"யாருமில்ல. முந்தாநாள் விழுந்திருந்தா உன் அக்கா இருந்திருப்பா."

போய்ப் பார்த்தேன். வெண்கலக் கதவைத் திறந்ததுமே அந்த வாடை. சுண்ணாம்பும் வேறு ஏதோவும். இருபக்கச் சுவரிலும் சவப்பெட்டி வைக்கும் மாடங்கள் நாலு வரிசை, பளிங்கு முகப்புகள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவற்றுக்குள் இருக்கிறார்கள், அப்பா அம்மா உட்பட. எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி வந்து கட்டி, மாடங்களை விற்றுவிட்டு, அடுத்த ஊரைப் பார்க்கப் போய்விட்டது. அப்புறம் மண்டபம் எல்லாருக்கும் பொது. கூரைமேல் ஏறிப் பார்க்க மட்டும் ஆளில்லை.

நார்பர்ட் கதவுக்குச் சங்கிலி போட்டார். மாநில அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

ஆர்டித் அக்காவிடம் யார் சொல்வது?

மார்ச் 8

யாரோ சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 11 – ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. மசித்த உருளைக்கிழங்கின்மேல் கோழி நூடுல்ஸ். வெண்டல் அத்தான் மூன்று கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். புற்று ஈரல்வரை பரவிவிட்டது, இலையுதிர் காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"சங்கிலி போட்டிருக்கியாமே."

"நார்பர்ட் போட்டார்க்கா. ஆய்வாளர் வரணும்."

"வரட்டும். வந்து பூசிட்டுப் போகட்டும். அத்தான் அங்கதான் போகப்போறார், ஞாபகம் வெச்சுக்கோ."

எனக்கா ஞாபகமில்லை? பதினெட்டு வயதிலிருந்து அத்தானுக்கு வயல்களில் வடிகால் குழாய் பதிக்கும் வேலை. இந்தப் பக்கம் முழுக்கச் சதுப்பாய்க் கிடந்த மண். குழாய் பதித்து நீரை வடிக்காவிட்டால் சோளம் அழுகிவிடும். ஐம்பத்திரண்டில் ஒரு பள்ளம் சரிந்து மார்புவரை புதைந்தார். தண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. நார்பர்ட் வெறுங்கையால் தோண்டி எடுத்தார், இரண்டு மணி நேரம். அன்றிலிருந்து அத்தான் குளியல் தொட்டியில்கூட உட்கார்ந்ததில்லை. "மண்ணுக்கடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். என்னை அதுக்குள்ள போட்றாதீங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அப்பா முப்பத்தொன்றில் நாலு மாடம் வாங்கினார். அவருக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு. மருமகன்களை நினைக்கவில்லை. என் கணவர் ராய் இறந்தபோது, அவரை என் மாடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். "அது அப்பா தன் ரத்தத்துக்கு வாங்கினது" என்றாள் அக்கா. ராயை மண்ணில்தான் வைத்தோம். ஏப்ரல் மாதம். குழியிலிருந்து காலை முழுக்கத் தண்ணீர் இறைத்தார்கள், மேலே பச்சைப் பாய் விரித்து மறைத்தார்கள். பெட்டி இறங்கியபோது கேட்ட சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டதா என்று பதினைந்து வருஷமாக யாரையும் கேட்கவில்லை.

இன்று அக்கா சொல்கிறாள்: "என்னோடதுல அவர். எனக்கு உன்னோடது. நீ ராய் பக்கத்துலதான படுப்பே, உனக்கெதுக்கு அது?"

"எடுத்துக்கோ" என்றேன். உடனே. ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னேன்?

மார்ச் 15 – வியாழன்

ஆய்வாளர் வந்தார். நார்பர்ட்டும், அடக்கச் சடங்கு நிலையம் நடத்தும் எல்டனும் கூட வந்தார்கள். அப்பாவின் மாடத்து முகப்பில் துருக்கறை கோடு கோடாக இறங்கியிருந்தது. "இதைத் திறந்து பாக்கணும், நீ வெளிய நில்லு டெல்ஃபா" என்றார் எல்டன். நான் நிற்கவில்லை.

திருகுகளைக் கழற்றிப் பளிங்கை நகர்த்தியதும் தண்ணீர் அவர் பூட்ஸில் கொட்டியது. தேநீர் நிறம். பெட்டிக்கு அடிப்பாகம் இல்லை. மற்றதை எழுத மாட்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"கூரையிலேர்ந்து செம்புத் தகட்டைத் திருடிட்டுப் போனாங்களே, எழுபத்தஞ்சுல. அப்பலேர்ந்து இருக்கும்."

அந்த வருஷம் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அது எத்தனை குளிர்காலம் தாங்கியதோ. நான் உறுப்பினராகி ஆறு வருஷம். ஒருநாளாவது ஏணி வைத்து ஏறிப் பார்த்தேனா? இல்லை.

"மேல் வரிசையாவது காஞ்சிருக்கா?"

"மேல் வரிசைதான் முதல்ல நனைஞ்சது."

எங்கள் காலி மாடங்கள் இரண்டையும் திறக்கச் சொன்னேன். கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டுவரை தண்ணீர்.

அத்தான் மண்ணுக்குப் பயந்து இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி?

மார்ச் 19 – திங்கள்

கூட்டம். நாற்பது பேருக்கு மேல். சுவரோரம் எல்லாம் நின்றார்கள்.

கூரை மட்டுமில்லை, உள்ளிருக்கும் இரும்பும் போய்விட்டது, எப்போது வேண்டுமானாலும் இறங்கும் என்று ஆய்வாளரின் கடிதத்தை நார்பர்ட் வாசித்தார். மூடிவிட்டு, நீதிமன்ற அனுமதி வாங்கி, எல்லாரையும் கல்லறைத் தோட்டத்தின் வடக்குப் பக்கத்து மண்ணுக்கு மாற்ற வேண்டும் என்றார்.

மூன்றாவது உறுப்பினர் வெர்லின் எழுந்தார். மண்டபத்துக்கு மூலைக்கல் வைத்தது அவர் தாத்தா. "ஒரு கூரை ஒழுகுதுன்னு வீட்டையே இடிப்பீங்களா? உள்ள இருக்கறவங்க யாரும் புகார் சொல்லலையே." சிலர் சிரித்தார்கள்.

ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். கோழை.

அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். கோட்டுப் பொத்தானைக்கூட அவிழ்க்கவில்லை.

"இவளுக்கு ரெண்டு வாரம் எதுக்குன்னு நான் சொல்றேன். இவ புருஷன் தண்ணில கிடக்கறான். என் புருஷனும் கிடக்கணும். அதான் கணக்கு."

நார்பர்ட் கூட்டத்தை முடித்துவைத்தார்.

அப்படித்தானா? கூரைக்காக யோசிக்கிறேனா, ராய்க்காகவா? எனக்கே சரியாகத் தெரியலையே. அந்தக் காலி மாடத்துக்குள்ள கையை விட்டப்ப, ஒரு நொடி—ஒரே ஒரு நொடி—அக்காவுக்கு நல்லா வேணும்னு தோணுச்சா இல்லையா? தோணுச்சு. எழுதிட்டேன்.

மார்ச் 22

பஸ் ஓட்டினேன். அவ்வளவுதான்.

மார்ச் 25 – ஞாயிறு

தேவாலயத்தில் அக்காவின் இடம் காலி. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கடைசிப் பாட்டு முடியுமுன் கிளம்பினேன்.

அவள் கார் மண்டபத்தின் பக்கவாசலில் நின்றது. அப்பா பராமரிப்புக் குழுவில் இருந்த காலத்துச் சாவி அவளிடம் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். சங்கிலியெல்லாம் முன்கதவுக்குத்தான்.

உள்ளே, அப்பா மாடத்துக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. பக்கத்தில் ஒரு வாளி. மேலேயிருந்து அதில் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வாளி கொண்டு வந்திருக்கிறாள். ஆக, அவளுக்கும் தெரியும்.

"வெளிய வாக்கா."

"ஏன்? எழுபது வருஷமா நிக்குது. உன்னைப் பாத்ததும் விழுந்துருமா?"

"மேல பாரு. அந்த விரிசலைப் பாரு."

"நீ என்னைப் பாரு. ராய்க்காகத்தான் செய்யறேன்னு ஒரே ஒரு தடவை உன் வாயால சொல்லு. நான் எழுந்து வந்துடறேன்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ. மேலே ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். அவள் கையைப் பிடித்து இழுத்தேன், நாற்காலி சாய்ந்தது, இருவரும் வாசற்படியில் போய் விழுந்தோம். திரும்பிப் பார்த்தால் வாளியும் தெரியவில்லை, நாற்காலியும் தெரியவில்லை. வெள்ளைப் புகை.

அவள் முழங்கையில் ரத்தம். எனக்கு முழங்கால். புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். அவள் முதலில் சொன்னது: "என் கைப்பை உள்ள இருக்கு."

நான் திரும்பப் போய் எடுத்து வந்தேன். பைத்தியக்காரத்தனம். அவள் நன்றி சொல்லவில்லை. பையை உதறி, காரில் ஏறிப் போய்விட்டாள்.

மார்ச் 29 – வியாழன்

காலை பஸ் ஓட்டம் முடிந்ததும் அத்தான் தொலைபேசியில்.

"உன் அக்கா முடி திருத்தப் போயிருக்கா. ஒன்றரை மணி நேரம் இருக்கு. காரைக் கொண்டு வா."

"எங்க அத்தான்?"

"அவ முழங்கையைக் கிழிச்ச இடத்துக்கு."

வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பக்கவாசலில் கைத்தடியை ஊன்றி நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். இத்தனை வருஷமும் தண்ணீரோடு புழங்கிய ஆள்.

"நாலு இடத்துல விழுது. ஒண்ணு வேகமா." பிறகு, "ஞாயிறு ஞாயிறு அவளை இங்க இறக்கிவிட்டுட்டு வண்டியிலயே உட்காந்திருந்தேன். ஒருநாள் கதவுவரைக்கும் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கைத்தடியை மாற்றிப் பிடித்தார்.

"மாமனார் மாடத்துல எவ்வளவு தண்ணி?"

பொய் சொல்லலாம். இன்று ராத்திரியே சாகப்போகிறவர் இல்லை, ஆனாலும் சாகப்போகிறவர். வாசலிலேயே திருப்பிக் கூட்டிப் போயிருக்கலாம்.

"ஒரு சாண்."

"எனக்குன்னு வெச்சிருக்கிறதுல?"

"மணிக்கட்டு வரைக்கும்."

தலையாட்டினார். கைத்தடியால் வாசற்படியைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன்.

"நாப்பத்தாறு வருஷம் ஊரான் நிலத்தையெல்லாம் காயவெச்சேன் டெல்ஃபா."

"தெரியும் அத்தான்."

"நார்பர்ட் எந்தப் பக்கம் சொல்றான்?"

"வடக்குப் பக்கம்."

"அங்க மூணடியில தண்ணி நிக்கும். வடிக்காம ஒருத்தரையும் போடாதீங்க, செத்தவங்கன்னாலும்." காரில் ஏறியபின்: "எந்தப் பக்கம் ஓட்டுப் போடப்போற?"

"மூடணும்னு."

"போடு. நான் இங்க வந்ததை ஆர்டித்கிட்ட சொல்லாத. நானே சொல்லிக்கறேன்."

ஏப்ரல் 2 – திங்கள்

இரண்டுக்கு ஒன்று. மூடல்.

கையைத் தூக்கும்போது அக்காவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள்.

ஏப்ரல் 3

வாசலில் என் கண்ணாடிப் பாத்திரம். கழுவி, செய்தித்தாளில் சுற்றி. எழுபத்தொன்பதில் அக்காவுக்குப் பீன்ஸ் செய்து கொடுத்தனுப்பியது. ஐந்து வருஷமாகக் கேட்டும் திரும்பி வராதது.

ஏப்ரல் 22 – ஈஸ்டர்

அக்கா கூப்பிடவில்லை. ரொட்டிக்குள் பன்றித் தொடைக்கறி வைத்துத் தின்றேன். பஸ்ஸைக் கழுவினேன்.

ஏப்ரல் 26 – வியாழன்

நார்பர்ட் ஒரு காகிதம் கொண்டு வந்தார். விதைக்கடைக் காலண்டர் தாளின் பின்பக்கம். வடக்குப் பகுதியின் படம், பென்சிலில், அத்தான் கையெழுத்து. எங்கே குழாய், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சரிவு, கடைசியில் சாலையோர ஓடையில் எங்கே கொட்ட வேண்டும், எல்லாம் இருந்தது. படுக்கையில் உட்கார்ந்தே போட்டாராம்.

"அவன் சொன்ன இடத்துல துளை போட்டுப் பாத்தேன்" என்றார் நார்பர்ட். "மூணடி. அரையங்குலம் கூடக்குறைய இல்ல."

மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் குரல். அத்தான் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"சாகப்போற மனுஷனுக்கு ஒரே ஒரு நிம்மதி இருந்துச்சு. அதையும் கூட்டிட்டுப் போய் நனைச்சுக் காட்டிட்டே."

"அக்கா, அவர்தான்—"

வைத்துவிட்டாள்.

நான் கூட்டிப் போகவில்லை, அவர் கேட்டார். ஆனால் காரை ஓட்டியது யார்? அந்த 'மணிக்கட்டு வரைக்கும்' யார் வாயிலிருந்து வந்தது?

மே 28 – நினைவு நாள்

மண்டபத்துக்குள் யாரையும் விடவில்லை. பூக்களைச் சங்கிலியிலேயே சொருகிவிட்டுப் போனார்கள். வாசலில் காவலுக்கு நான். வெர்லின் மனைவி என்னைத் தாண்டிப் போகும்போது, யாரிடமோ சொல்கிற மாதிரி, "அப்பா அம்மாவையே வெளிய தூக்கிப் போடறவளுக்கு நம்ம பிள்ளைங்க ஏறுற பஸ்ஸைக் கொடுத்திருக்காங்க" என்றாள்.

அக்கா வரவில்லை. பூ மட்டும் வந்தது. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. நார்பர்ட் மூலமாக.

ஜூன் 14

நீதிமன்ற உத்தரவு வந்தது. அனுமதி. ஒரே ஒரு ஆட்சேபணை மனுதான் வந்திருந்ததாம், அதையும் கொடுத்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். கொடுத்தவர் பெயர் ஆர்டித்.

ஏன் திரும்பப் பெற்றாள்? கேட்க முடியாது. பேச்சில்லையே.

ஜூன் 19 – செவ்வாய்

பள்ளி விடுமுறை. பள்ளம் வெட்ட நானும் போனேன். வாடகை இயந்திரத்தை நார்பர்ட் ஓட்டினார், பின்னாலேயே குழாயை இறக்கி நேர்ப்படுத்துவது என் வேலை. அத்தான் அவருடைய பழைய லாரியின் முன்சீட்டில், முதுகுக்கு இரண்டு தலையணை. பக்கத்தில் ஓட்டுநர் இடத்தில் அக்கா, நேராகப் பார்த்தபடி.

மஞ்சளாகிப்போன ஆளுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "நூறடிக்கு ரெண்டரை அங்குலம் சரிவுன்னேன் நார்பர்ட். நீ என்ன சறுக்குமரமா கட்டுற?"

"மட்டம் சரியாத்தான் இருக்கு, கிழவா."

"மட்டம் சரி. உன் கண்ணு சரியில்ல. திரும்ப எடு."

திரும்ப எடுத்தோம். அவர் சொன்னதுதான் சரி.

ஒரு சமயம் பள்ளத்தின் ஓரம் என் காலடியில் கொஞ்சம் சரிந்தது. நிமிர்ந்தேன். அத்தான் கதவுப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். "மேல வா" என்றார். கத்தவில்லை. "டெல்ஃபா, இப்பவே மேல வா." ஓரத்துக்குப் பலகை அடித்த பிறகுதான் மறுபடி இறங்கவிட்டார்.

மத்தியானம் அக்கா ரொட்டி கொண்டு வந்தாள். நார்பர்ட் கையில் கொடுத்தாள். என்னுடையதை லாரியின் முன்மூடிமேல் வைத்துவிட்டுப் போனாள். கடுகுச் சாந்து போடாமல், எனக்குப் பிடித்த மாதிரி.

ஜூன் 21 – வியாழன்

படத்தில் கடைசியாக ஒரு கோடு. வடக்குப் பகுதியிலிருந்து தனியாகப் பிரிந்து, பழைய பகுதிக்குள் நாற்பதடி போகிறது. நார்பர்ட்டிடம் கேட்டேன், தெரியாது என்றார். அளந்து, குச்சி நட்டு, நட்டு, கடைசிக் குச்சிக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தால்—ராயின் கல்லறை.

லாரிக்குப் போனேன். அக்கா தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள்.

"அத்தான், அந்தப் பக்கம் யாரையும் மாத்தப் போறதில்லையே."

"இயந்திரம் இங்க நிக்குது. நாப்பதடி கூட வெட்டினா தேஞ்சா போயிரும்?"

"அத்தான்—"

"நானும் பெட்டி தூக்கினவன்தான் அன்னைக்கு. எனக்கும் காது இருக்கு."

லாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பிறகு போய் வெட்டினோம்.

ஜூலை 9 – திங்கள்

இன்று எல்டனும் அவர் ஆட்களும் மாடங்களைத் திறக்க ஆரம்பித்தார்கள். கூரைக்கு முட்டுக் கொடுத்து, வரிசை வரிசையாக. எல்லாவற்றுக்கும் புதுப் பெட்டி. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அறுபது பேருக்குத்தான் சொந்தக்காரர்கள் கடிதத்துக்குப் பதில் போட்டார்கள். மற்றவர்களுக்கு ஊராட்சி சார்பில் ஒருவர் நிற்க வேண்டும். நான் நிற்கிறேன். ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன். ஆறு வருஷம் ஏறாத ஏணிக்கு இதாவது.

ஜூலை 17 – செவ்வாய்

அப்பா, அம்மா.

அக்கா வந்திருந்தாள். எல்டன் அவளைத் தடுத்தார். "மூடின பிறகு வாங்கம்மா." அவள் கேட்கவில்லை. அப்பா மாடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், பிடிக்கவில்லை.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இதை நீ மார்ச்சுலயே பாத்தியா?"

"ஆமாக்கா."

"அன்னைக்குக் கூட்டத்துல நான் பேசினப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பவே ஏன் சொல்லல? எல்லார் முன்னாடியும் சொல்லி என் வாயை அடைச்சிருக்கலாமே."

"உன் அப்பாவைப் பத்தி எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது."

"நம்ம அப்பா" என்றாள். இரண்டு பெட்டிகளையும் வடக்குப் பக்கம் இறக்கும்வரை பக்கத்தில்தான் நின்றாள். ஒரு முழம் தள்ளி.

ஆகஸ்ட் 17 – வெள்ளி

அத்தான் போய்விட்டார். காலை பத்து மணிக்கு. அக்கா முதலில் கூப்பிட்டது என்னை.

ஆகஸ்ட் 20 – திங்கள்

அடக்கம். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், வடக்குப் பக்கம். குழியின் அடிவரை எட்டிப் பார்த்தேன், வெட்கமில்லாமல், எல்லோர் முன்னாலும். காய்ந்த களிமண். நார்பர்ட் காலையிலேயே இறங்கிப் பார்த்திருக்கிறார், கால்சட்டை முட்டியில் புழுதி.

"காஞ்சிருக்குக்கா" என்றேன்.

"ஒரு மாசமா மழையில்ல. இப்ப எல்லா இடமும்தான் காஞ்சிருக்கும்."

உண்மை. அத்தான் படத்தில் போட்டதெல்லாம் மழை வந்தால்தான் தெரியும். பெட்டியை இறக்கும்போது அக்கா தலையைச் சாய்த்துக் காது கொடுத்து நின்றாள். சத்தம் எதுவும் வரவில்லை. அவளுக்கு அது போதவில்லை.

செப்டம்பர் 11

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. மழை இல்லை. சோளம் நட்ட வயல் வெடித்துக் கிடக்கிறது. எல்லோரும் மழைக்கு வேண்டுகிறார்கள். நானும் வேண்டுகிறேன். பயந்துகொண்டே.

அக்டோபர் 9 – செவ்வாய்

மண்டபத்தை இடித்தார்கள். இரண்டு நாள் ஆகும் என்றார்கள். காலை ஓட்டம் முடிந்து நான் வருவதற்குள் கூரை முழுதும் இறங்கியிருந்தது. ஆள் தள்ளாமல் தானே விழுந்ததாம். வெர்லின் வேலியருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாத்தா வைத்த மூலைக்கல்லை அவர் வண்டியில் ஏற்றிக் கொடுத்தோம். "உள்ள ஒரு கம்பிகூட உருப்படியா இல்ல" என்றார், என்னிடமா கல்லிடமா தெரியவில்லை. பிறகு, "போன வருஷம் பிள்ளைங்க நுழைஞ்சு விளையாடினாங்க இதுல" என்றார்.

பார்க்கப் பெரிய கட்டிடம். விழுந்த பின்னால் நாலு லாரிச் சுமை.

நவம்பர் 11 – ஞாயிறு

நேற்று மத்தியானத்திலிருந்து மழை. நிற்கவில்லை.

நவம்பர் 13

இன்னும் நிற்கவில்லை. மில்லர் சாலையில் தண்ணீர் ஓடுகிறது, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது நிறுத்தவில்லை. பிள்ளைகள் இருந்தார்கள் என்பது சாக்கு.

நவம்பர் 14 – புதன்

காலை ஓட்டத்துக்கு முன்னால் போனேன். விடிந்தும் விடியாமலும். மழை விட்டிருந்தது. வயல்களெல்லாம் ஏரி. பழைய பகுதியின் தெற்குப் பக்கம் கற்களின் பாதிவரை தண்ணீர் நிற்கிறது. வடக்குப் பக்கம் போகத் தைரியமில்லாமல் சாலையோரமாகவே நடந்தேன், குழாய் ஓடையில் கொட்டும் இடத்துக்கு.

அங்கே ஏற்கெனவே ஒரு ஆள். அத்தானின் ரப்பர் பூட்ஸில், அத்தானின் மழைக்கோட்டில்.

அக்கா. ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து, குழாய் வாயில் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மணிக்கட்டு கனத்துக்கு வந்து விழுந்துகொண்டிருந்தது.

"எப்ப வந்தே?"

"சனிக்கிழமைலேர்ந்து தினமும் வரேன்." அவள் திரும்பவில்லை. "முதல் மூணு நாள் கலங்கலா வந்துச்சு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து தெளிஞ்சிருச்சு. தெளிவா வந்தா எல்லா இணைப்பும் சரின்னு அர்த்தம். அவர் சொல்வார்."

"மேல போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். அவர் மேல நின்னேன். பூட்ஸ் புதையல." கையை எடுக்காமலே, "ராய்கிட்டயும் போனேன். அங்கயும் புதையல."

கரை வழுக்கலாக இருந்தது. கையை நீட்டினாள். தன்னை மேலே இழுக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன், அவளோ என்னைக் கீழே இறங்கச் சொல்கிறாள். இறங்கினேன். நானும் கையை நீட்டினேன். பல் கிட்டும் குளிர்.

"பஸ்ஸுக்கு நேரமாகலையா உனக்கு?" என்றாள்.

ஆகியிருந்தது. இன்றும் தாமதம், பதினைந்து நிமிஷம்.